நடேசய்யரும் மலையகமும்: ஓர் எல்லைப்புறத்தின் கதை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தலவாக்கலைக்கும் கிறேட் வெஸ்டேர்னுக்கும் இடையில் வட்டகொடை என்றொரு சிறிய புகையிரத நிலையம் இருக்கிறது. பதுளைக்குப் போகும் வண்டியில் பயணம் செய்த பலருக்கு அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்த நினைவு இருக்கலாம். அதை அடுத்துள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில்தான் 1914ஆம் ஆண்டில் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். மலையக இலக்கியம் என்றதும் நாம் முதலில் உச்சரிக்கும் பெயர் அவருடையது. எங்கள் பகுதிக்காரர் என்ற பெருமையும் எனக்கு உண்டு. ஆயினும் சி. வி. பேனாவைக் கையில் எடுத்த காலத்தில், அவருக்கு முன்பாகவே ஒரு பாதை வெட்டப்பட்டிருந்தது. காடும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் அந்தப் பாதையை வெட்டியவர் கோ. நடேசய்யர். இன்றைய உரை அவரைப் பற்றியது.

இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. உயர்தர வகுப்பில் ஒரு நாள் பாடத்துக்கு இடையில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அரசாங்க சபையில் ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவர் யார்?" வகுப்பு மௌனமாக இருந்தது. சற்றுப் பொறுத்து ஒரு மாணவி எழுந்து, "தொண்டமான் ஐயாவா சேர்?" என்று தயங்கிக் கேட்டாள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் புகுந்தது 1947இல். அதற்கு முந்திய பதினொரு ஆண்டுகள் ஹற்றனின் குரலாக ஒலித்தவரின் பெயர், ஹற்றனுக்குக் கூப்பிடு தூரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. குறை நம்முடையது, சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுடையது.

எல்லைப்புறம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் கைபர் கணவாயோ, அசாம் – பர்மா மலைக்காடுகளோ தோன்றும். ஒரு நாட்டின் அதிகாரம் தேய்ந்து, வேறொரு அதிகாரம் தொடங்கும் இடம் அது. இலங்கையின் எல்லையைக் கடல் வகுத்துவிட்டது என்று பூகோளப் புத்தகம் சொல்லும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தத் தீவின் நட்ட நடுவிலேயே ஓர் எல்லைப்புறம் இருந்தது. ஒவ்வொரு தேயிலைத் தோட்டமும் தனக்கென ஓர் எல்லையை வைத்திருந்தது. அந்த எல்லையைத் தாண்டி உள்ளே போனால் துரை சொன்னதுதான் சட்டம்.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நேயர்கள் எண்ணவேண்டாம். தோட்டத்துக்குள் செல்லும் வீதி தோட்டத்தின் சொந்த வீதி. அனுமதியின்றி நுழையும் வெளியாள் அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்கு ஆளாவான். உறவினர் வந்து லயத்தில் தங்குவதாயினும் பெரிய கங்காணிக்குத் தெரியவேண்டும். தொழிலாளிக்கு வரும் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்தின் வழியாகத்தான் வரும். அவன் எந்தக் கங்காணியின் கீழ் வந்தானோ அந்தக் கங்காணியின் கடன் அவன் தலையில் இருக்கும். கடனைத் தீர்த்துத் 'துண்டு' பெறாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்ததை வழக்கம் உடனே விட்டுவிடுவதில்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தடையின்றி உள்ளே போகக் கூடியவர்கள் சிலர் இருந்தார்கள். திருவிழாவுக்கு வரும் பூசாரி, கூத்தாடிகள், தலையில் மூட்டை சுமந்து வரும் புடவை வியாபாரி. இவர்களால் துரைக்கு ஆபத்தில்லை.

நடேசய்யரின் மலையகத் தொடர்பு இந்தப் புடவை மூட்டையிலிருந்துதான் தொடங்குகிறது.

அவர் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். அங்கே வணிகர்களுக்கான பத்திரிகையொன்றில் ஈடுபட்டிருந்தபோது, அந்த வேலையாகவே 1915ஆம் ஆண்டளவில் முதன்முறை இலங்கைக்கு வந்தார். தோட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை நேரில் பார்க்க விரும்பினார். நேர்வழியில் போக இயலாது என்று கண்டதும் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். தஞ்சை மண்ணின் பிராமணக் குடும்பத்தில் வந்த ஒருவர், அக்காலத்துச் சாதி ஆசாரங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள், ஒற்றைக் காம்பராவின் இஸ்தோப்பில் மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார். சேலையின் விலையைப் பேசிக்கொண்டே சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை என்று விசாரிக்கிறார். மலையகம் பற்றிய முதல் கள ஆய்வு அந்த இஸ்தோப்பில் நடந்தது என்றே நான் கருதுகிறேன்.

பின்னர் 1920ஆம் ஆண்டளவில் அவர் இலங்கைக்கே வந்து தங்கிவிட்டார். கொழும்பில் 'தேசநேசன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அடுத்து 'தேசபக்தன்' வந்தது. அதுவே அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்க இயக்கத்தில் சேர்ந்து அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற அருமையான காலம் அது. அது நீடிக்கவில்லை. இந்தியத் தொழிலாளருக்கு எதிரான உணர்ச்சி அந்த இயக்கத்துக்குள்ளேயே தலைதூக்கியபோது இருவரும் பிரிந்தனர். இதற்கிடையே 1925 முதல் 1931 வரை சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாகவும் இருந்தார்.

இந்த இடத்தில் அவருடைய வாழ்க்கையில் ஒரு திருப்பம் நிகழ்கிறது. கொழும்பில் அவருக்குப் பத்திரிகை இருந்தது, செல்வாக்கு இருந்தது. இந்திய வர்த்தகர்களின் தலைவராகவே இருந்து வசதியாகக் காலங்கழித்திருக்கலாம். அவரோ 1931இல் ஹற்றனுக்கு வந்து, அங்கே அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே.

ஏன் ஹற்றன்? புகையிரதம் உண்டு, டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று நாலா பக்கமும் தோட்டங்களுக்கு வீதிகள் பிரிகின்றன, சம்பள ஞாயிறுகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களெல்லாம் பஜாருக்கு வந்து கூடும். துரையின் எல்லைக்கு வெளியே, ஆனால் எல்லையை ஒட்டினாற்போல் இருந்த இடம் அது. எல்லைப்புறத்தை ஆள நினைப்பவன் அங்கே கோட்டை கட்டுவான். நடேசய்யர் அங்கே ஒரு காரியாலயத்தையும் ஓர் அச்சுக்கூடத்தையும் வைத்தார்.

காலமோ மிகக் கொடியது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம், உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமாகவும் பெண்ணுக்கு 43 சதமாகவும் இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை விழுந்தது. அந்த அற்பச் சம்பளத்திலும் கை வைத்தார்கள். எதிர்த்துப் பேசிய நடேசய்யரைத் துரைமாரும் அவர்களுடைய பத்திரிகைகளும் கலகக்காரர் என்றனர். தோட்டங்களில் நடப்பது வெள்ளைத்துரைமாரின் தனி இராச்சியம் என்று காட்டி அவர் ஆங்கிலத்தில் ஒரு பிரசுரம் எழுதினார். அதற்கு 'பிளாண்டர் ராஜ்' என்று பெயர். இந்தியாவில் பிரித்தானிய ராஜ்ஜியம் என்றால் இங்கே துரை ராஜ்ஜியம். நான் எல்லைப்புறம் என்று சொன்னதை அவர் அன்றே இரண்டு சொற்களில் சொல்லிவிட்டார்.

இது இலக்கியத் தொடர். அரசியலுக்கு இவ்வளவு இடம் ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். நடேசய்யரிடத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் பதில். எல்லைக்குள் அவரால் நினைத்தபோது போகமுடியாது. ஆனால் எட்டாக மடித்த காகிதம் போகும்; வாயில் ஏறிய பாட்டு போகும். ஆகவே காகிதமும் பாட்டும் அவருக்கு அவசியமாயின.

'நீ மயங்குவதேன்?', 'வெற்றியுனதே' என்ற பெயர்களில் சிறு நூல்கள் எழுதினார். தலைப்புகளைக் கவனியுங்கள். இரண்டிலும் 'நீ' இருக்கிறது. அதுவரை தோட்டத்துத் தொழிலாளியை முன்னிலையில் அழைத்தவர்கள் இருவர்: பிரட்டுக்களத்தில் துரையும், மலையில் கங்காணியும். அவர்களின் 'நீ'யில் அதட்டல் இருந்தது. அச்செழுத்தில் ஒருவர் தோளில் கைபோட்டு 'நீ' என்று அழைத்தது அவனுக்குப் புதிது. தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் விளக்கியும் ஒரு புத்தகம் எழுதினார். படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, லயத்தில் பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்கும் காலம் அது. ஓர் உரைநடை, காதால் கேட்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது என்றால் அதன் நடை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அவருடைய எழுத்து சான்று.

1937இல் வெளிவந்தது 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்'. அந்தரம் என்ற சொல்லை இலங்கைத் தமிழில் நாம் இரு பொருளில் வழங்குகிறோம். மண்ணிலும் படாமல் விண்ணிலும் சேராமல் நடுவில் தொங்குவது ஒன்று. அவசரமும் அவதியும் மற்றொன்று. தோட்டத்து மக்களின் அன்றைய நிலையை அந்த ஒரு சொல் இரு பொருளிலும் சொல்லிவிடுகிறது. விட்டுவந்த ஊரில் அவர்களுக்குக் காணி இல்லை. வந்து சேர்ந்த நாட்டில் குடி என்ற கணக்கில்லை. இதைவிடப் பொருத்தமான தலைப்பை வேறு எவரும் இந்த மக்களுக்கு வைத்ததாக நான் அறியேன்.

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த உரை பாதியாகிவிடும். அவரும் பத்திரிகைப் பணியில் பங்கெடுத்தவர். கூட்டங்களில் நடேசய்யர் பேசுவதற்கு முன் மேடையேறிப் பாடுவார். மக்களுக்குப் பழக்கமான மெட்டுக்களில் தொழிலாளரின் பிரச்சினைகளை வைத்துப் பாட்டுக் கட்டினார்.

என் அப்பாயி ஒரு சங்கதி சொல்வதுண்டு. அவர் சிறுமியாக இருந்தபோது, சம்பள ஞாயிறன்று தகப்பனாரின் தோளில் உட்கார்ந்து பஜாருக்குப் போயிருந்தாராம். அரிசியும் கருவாடும் வாங்கப் போன கூட்டம் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. மேடையில் ஒரு பெண் நின்று பாடிக்கொண்டிருந்தார். "யாரு அப்பாயி பாடினது?" என்று நான் சின்ன வயதில் கேட்டேன். "ஐயரு வீட்டம்மா, சாமி" என்பார். என்ன பாட்டு என்று கேட்டால் அது அவருக்கு ஞாபகம் இல்லை. "பொம்பள மேடையில நின்னு பாடுனா, ஆம்பளையெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாங்க" என்பது மட்டும் கடைசிவரை ஞாபகம் இருந்தது. 'ஐயரு வீட்டம்மா' யாரென்று எனக்குத் தெரிந்தது பட்டப்படிப்பு முடித்து வந்த பிறகுதான். அப்போது அப்பாயி இல்லை.

இனி யுத்த காலத்துக்கு வருவோம். 1936இல் நடந்த தேர்தலில் மலையகத் தோட்டப் பகுதிகளிலிருந்து இந்திய வம்சாவளியினர் இருவர் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். ஹற்றனில் நடேசய்யர், தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம். மூன்று ஆண்டுகளில் உலகம் தலைகீழாயிற்று.

1939ஆம் ஆண்டை நாம் செப்டெம்பரில் தொடங்கிய யுத்தத்தோடு நினைவுகூர்கிறோம். மலையகத்துக்கு அந்த ஆண்டின் இடி சில வாரங்கள் முன்பே விழுந்துவிட்டது. அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியரை நீக்க இலங்கை அரசு முடிவு செய்தது. அது பற்றிப் பேச ஜூலையில் ஜவகர்லால் நேரு வந்தார். அவருடைய பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. அவர் இங்கிருந்தபோதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உதயமாயிற்று. ஆகஸ்ட் முதலாம் திகதி முதல் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதுவரை மண்டபம் முகாம் வழியாக, தலைமன்னார் வழியாக, வருவதும் போவதுமாக இருந்த ஒரு சமூகத்துக்குக் கடல் திடீரென்று மதிலாக எழும்பியது. உள்ளே தோட்டத்து எல்லை. வெளியே கடல் எல்லை. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவர்கள் நம் முன்னோர்.

யுத்தமோ அவர்களுடைய உழைப்பை முன்னெப்போதையும்விட விலைமதிப்புள்ளதாக்கியது. பிரித்தானியாவில் 1940 ஜூலையில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். இலங்கைத் தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சே மொத்தமாக வாங்கியது. 1942இல் மலாயாவும் யாவாவும் ஜப்பானியர் கைக்குப் போனபின் இலங்கையின் இறப்பரும் தேயிலையும் நேச நாடுகளுக்கு இன்றியமையாதவையாயின. லண்டனில் குண்டுக்குப் பயந்து நிலவறையில் பதுங்கியிருந்தவன் குடித்த தேநீரில் நம் பாட்டிமார் கிள்ளிய கொழுந்தும் இருந்தது. கிள்ளியவர்களுக்குக் கிடைத்தது என்ன? பர்மா விழுந்ததோடு அரிசி வரவு நின்றது. கோதுமை மா வந்தது. இன்று மலையகத்தின் அடையாளமாக நாம் சொல்லும் ரொட்டி அந்தப் பஞ்சகாலத்தில்தான் நம் அடுப்பில் நிரந்தரமாக ஏறியது.

எல்லைகளும் இறுகின. அத்தியாவசியத் தொழில் என்ற பெயரில் வேலைநிறுத்தம் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். அந்தத் துப்பாக்கி வெடி தோட்டத்து எல்லைக்குள் அடங்கிவிடவில்லை. அரசாங்க சபையில் எதிரொலித்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதன் தொடர்ச்சியாக எழுந்த பிணக்கில் மந்திரிமார் இராஜினாமாச் செய்யும் நிலையும் வந்தது. முல்லோயாத் தொழிலாளரைத் திரட்டியவர்கள் சமசமாஜிகள். நடேசய்யருடைய சங்கம் அன்று. 1940 ஜூனில் அந்தச் சமசமாஜத் தலைவர்கள் சிலர் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆகவே எல்லையை உடைத்த பெருமை முழுவதையும் ஒருவர் பெயரில் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் பத்தாண்டுகள் முன்னதாக, சிறைக்குப் போகும் தலைவர்களும் பின்னால் வரும் கூட்டமும் இல்லாத நேரத்தில், அந்த எல்லைக்கல்லை முதலில் அசைத்துப் பார்த்தவர் நடேசய்யர்.

அந்த யுத்த ஆண்டுகளில் அவரும் மீனாட்சி அம்மையும் செய்த இலக்கியப் பணி இரண்டைச் சொல்ல வேண்டும். 1940இல் மீனாட்சி அம்மையின் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வெளிவந்தன. அடுத்த ஆண்டில் நடேசய்யர் ஆங்கிலத்தில் இந்திய – இலங்கை நெருக்கடி பற்றி ஆவணங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அப்போது டில்லியிலும் கொழும்பிலும் இரு அரசுகளும் நம் மக்களின் தலைவிதியைப் பேசிக்கொண்டிருந்தன. பேச்சு மேசையில் உட்கார்ந்தவர்களில் தோட்டத்து மக்கள் எவரும் இல்லை. கணவர் ஆங்கிலத்தில் எழுதியது அந்த மேசைக்கு. மனைவி தமிழில் பாடியது பஜாரில் நின்றவர்களுக்கு. ஒரே வழக்கை ஒரே வீட்டார் இரு மொழியில், இரு மன்றங்களில் வாதாடினார்கள். நம் இலக்கிய வரலாற்றில் இதற்கு இணையான ஒரு காட்சியை நான் கண்டதில்லை.

அவருடைய குறைகளையும் சொல்லவேண்டும். குறை சொல்லாத வரலாறு சுவரொட்டியாகிவிடும். நடேசய்யரின் சங்கம் பெரும்பாலும் அவர் ஒருவரின் ஆற்றலில் நின்றது. அவர் எழுதினால் எழுத்து. அவர் பேசினால் பேச்சு. ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர் ஒருவரை உண்டாக்கி, மாதச் சந்தா சேர்த்து, வலை பின்னுவதுபோல் ஓர் அமைப்பைக் கட்டும் வேலை அவருக்குக் கைவரவில்லை. அதை 1940க்குப் பிறகு இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கம் செய்தது. நேருவின் பெயரும் காந்தியின் படமும் அதற்குத் துணை நின்றன. பெரிய கங்காணிமார் குடும்பத்தவர் சிலரும் அதில் தலைமை தாங்கினர். கங்காணிமுறையை வாழ்நாள் முழுதும் எதிர்த்த நடேசய்யர் தனியே நின்றார். கூட்டம் மெல்ல மெல்ல அவரை விட்டு நகர்ந்தது. கதவைத் திறந்துவிட்டவர் வாசலிலேயே நின்றுவிட, திறந்த கதவு வழியே மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

1947இல் புதிய அரசியலமைப்பின் கீழ் பொதுத்தேர்தல் வந்தது. தோட்டத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தலவாக்கலையில் எங்கள் சி. வி. வேலுப்பிள்ளை பாராளுமன்றம் புகுந்தார். நடேசய்யர் தோற்றார். அந்த ஆண்டில்தான் கொழும்பில் 'சுதந்திரன்' பத்திரிகை தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர் அவரே. தோற்ற மனிதர் மறுபடியும் தாம் தொடங்கிய இடத்துக்கே, பேனாவுக்கே, திரும்பினார். நவம்பர் மாதத்தில் காலமானார்.

அவர் கண்ணை மூடி ஓராண்டு முடிவதற்குள் பாராளுமன்றத்துக்கு வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தோடு வாக்குரிமையும் போயிற்று. அவரைத் தோற்கடித்த வாக்காளரும், அவரை ஆதரித்த வாக்காளரும், ஒரே கோட்டால் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டனர். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் அந்த நாட்டுக்கு, 3,00,000 பேர் இந்த நாட்டுக்கு என்று தேயிலைப் பெட்டியை எண்ணுவதுபோல் மக்களை எண்ணினார்கள். மீதி 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். நாடற்றவர் என்ற பெயர் சட்டப்படி நீங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தரப் பிழைப்பு என்று 1937இல் அவர் வைத்த பெயர் அறுபத்தாறு ஆண்டுகள் செல்லுபடியாக இருந்தது.

தோற்றவர்களை வரலாறு எளிதில் மறந்துவிடும். நடேசய்யரை நாற்பது ஆண்டுகள் அப்படித்தான் மறந்திருந்தோம். அவரைத் தேடி எடுத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழைய பத்திரிகைகளையும் சபை அறிக்கைகளையும் தேடிப்போன சாரல் நாடன். அவர் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' 1988இல் வெளிவந்தது. பின்னர் பத்திரிகையாளர் என்ற முறையில் நடேசய்யரைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார். ஒரு சமூகம் தன் முன்னோடியைத் தானே தேடிக் கண்டெடுத்தது என்பதை நான் பெருமையோடு மாணவர்களுக்குச் சொல்வேன். சாரல் நாடன் அவர்கள் 2014இல் மறைந்துவிட்டார். தேடல் அவரோடு நின்றுவிடக்கூடாது.

ஒரு தலைவனுக்கும் ஒரு பிரதேசத்துக்கும் உள்ள தொடர்பை எதைக்கொண்டு அளப்பது? பிறப்பைக்கொண்டு அளந்தால் நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். வாக்கைக்கொண்டு அளந்தால் 1947இல் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. நான் வேறொரு அளவுகோலைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பிரதேசத்து மக்களை எவர் முதன்முதலில் அவர்கள் பேசும் மொழியில், அவர்களையே நோக்கி எழுதினாரோ, அவருக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பு தேர்தலால் அறுவதில்லை. சி. வி. பின்னாளில் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்த மக்களின் பாட்டும் பேச்சும் அச்சுக்குத் தகுந்தவை என்ற எண்ணம் அவருக்கு முன்னரே இந்த மலையில் விதைக்கப்பட்டிருந்தது. மேடையில் பாடிய 'ஐயரு வீட்டம்மா'வுக்கும் அந்த விதைப்பில் பங்குண்டு.

நம் மக்கள் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். நடைபயணம் போனோம், கருத்தரங்கு வைத்தோம். அவை தேவையானவை. ஆயினும் தோட்டத்து எல்லை முற்றாக அழிந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாமல், கடிதங்கள் காரியாலயத்தில் குவிந்து, பல்கலைக்கழக அனுமதிக் கடிதமே தாமதமாகக் கைக்கு வந்த பிள்ளைகளை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். நடேசய்யர் அசைத்த கல் இன்னும் சில இடங்களில் முழுதாகப் பெயரவில்லை.

இந்த உரையைக் கேட்கும் மலையகத்து நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டியில், பழைய துண்டுப்பிரசுரமோ பாட்டுப் புத்தகமோ சங்க இரசீதோ கிடக்கலாம். செல்லரிக்க விடாதீர்கள், பழைய கடுதாசிதானே என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பக்கத்துப் பாடசாலை ஆசிரியரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் கேட்ட பாட்டு என்ன, பார்த்த கூட்டம் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். நான் என் அப்பாயியிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யவேண்டாம்.

'தொண்டமான் ஐயாவா சேர்?' என்று கேட்ட அந்த மாணவிக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். தன் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, நடேசய்யரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரவேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தாள். ஒரு பக்கம் கேட்டதற்கு நான்கு பக்கம். கொள்ளுத்தாத்தா சொன்னதாக அவளுடைய பாட்டி சொன்ன ஒரு வரி அதில் இருந்தது: "மூட்ட தூக்கிக்கிட்டு வந்த ஆளு, நம்மள எழுத வச்சிட்டுப் போயிட்டாரு."

அந்த வரியின் கீழ் நான் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். திருத்தம் எதுவும் எழுதவில்லை.